குடமும் புரவியும்: வினைமுதல் யார்?

உலகத் தோற்றத்தை விளக்கவரும் சைவ சித்தாந்தம் குடத்தையே உவமையாகக் கொள்கிறது. குடத்திற்கு மண் முதற்காரணம். திரிகையும் அதைச் சுழற்றும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்தகாரணம், அதாவது அறிந்து செய்யும் வினைமுதல். அவ்வாறே உலகிற்கு மாயையும் சத்தியும் இறைவனும் முறையே அமைகின்றனர். வனைபவன் ஒருவனாக இருக்கும்வரை இவ்வுவமை நேராக நிற்கும்; ஒரே கலத்தில் இருவர் கைபடும்போது நிமித்தம் எவரிடம் என்னும் சிக்கல் எழுகிறது.

பிரான்சில் 1886-87 குளிர்காலத்தில் குயவர் எர்னஸ்ட் ஷாப்லேயுடன் சேர்ந்து ஓவியர் பால் கோகானும், 1907 அளவில் குயவர் ஆந்த்ரே மெத்தேயின் சூளையில் மத்தீஸ், தெரேன், விளாமிங்க் முதலிய ஓவியர்களும் மட்கலங்கள் செய்தனர். மெத்தேயின் கலங்களில் சுடப்படாத வெண்மெருகின் மேல் தீட்டிய கோடு உடனே உறிஞ்சப்பட்டுவிடுவதால் திருத்த இடமில்லை; நிறமோ குயவர் அறிந்த சூட்டில்தான் விளைகிறது. ஆயினும் அவை 'மத்தீஸின் தட்டு' என்றே பேசப்படுகின்றன, மெத்தே துணைக்காரணமாகிவிடுகிறார். இது நியாயமன்று.

நேமத்தான்பட்டியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் அய்யனாருக்குச் சுடுமண் குதிரை சாத்தும் புரவியெடுப்பு இச்சிக்கலை வேறு வகையில் முன்வைக்கிறது. ஊரார் ஒரு கைப்பிடி மண்ணை வேளாரிடம், அதாவது குயவரிடம், கொடுக்கும் 'பிடிமண்' சடங்கோடு வேலை தொடங்குகிறது. மணலும் உமியும் கலந்து பிசைந்த களிமண்ணால் முதலில் கால்களை எழுப்பி, அவை இறுகிய பின்னரே உள்ளீடற்ற உடலை ஏற்றி, வைக்கோலும் எருவும் மூட்டிச் சுட்டு, வண்ணம் தீட்டி, கண் திறந்து, வேளார் புரவியை ஊரிடம் ஒப்படைக்கிறார். இங்கே குயவரும் ஓவியரும் ஒருவரே. பல கோயில்களில் பூசாரியும் அவரே.

புரவியில் பெயர் பொறிக்கப்படுவதில்லை என்பதால் செய்தவர் 'நான்' என்பதை இழந்துவிட்டார் என்று கூறுவது மிகையான புனிதப்படுத்தல். எந்தக் கோயிலுக்கு எந்தக் குடும்பம் செய்யவேண்டும் என்ற உரிமையை வேளார்கள் விடாது காப்பவர்கள். கூலியோடு கோயில் மரியாதையும் பெறுபவர்கள். ஊரே அறிந்த கைக்குக் கையொப்பம் எதற்கு?

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. குயவன் உவமையில் குடம் வேண்டியவனுக்கு இடமில்லை. புரவியெடுப்பிலோ நேர்ந்துகொண்டவரின் வேண்டுதல் இல்லாமல் மண் எடுக்கப்படுவதே இல்லை; சாத்திய பின் புரவி உடைந்தாலும் நேர்த்திக்கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படுகிறது. படைப்பு யார்பொருட்டு என்ற வினாவுக்குச் சித்தாந்தம் தரும் விடையும் இதற்கு அண்மையதே: இறைவன் உலகைப் படைப்பது தன்பொருட்டன்று, மலத்தால், அதாவது உயிரைப் பற்றிய மாசால், கட்டுண்ட உயிர்களின் பொருட்டு.