கேட்டவரும் உடனிருந்தவரும்

தொலைதூர வானொலி கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உளர். செய்தியோ பாட்டோ அவர்களுக்குப் பெரிதன்று. கடல் கடந்த ஏதோ ஓர் ஊரின் சிறு நிலையம், இரைச்சலுக்கு நடுவே தன் பெயரைச் சொல்லும் அந்த ஒரு கணமே பெரிது. மத்திய அலைகளைப் பகலில் அயனிமண்டலத்தின் கீழ்ப்படலம் உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்தபின் அப்படலம் கலைய, அலைகள் மேலேறி, மேற்படலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இறங்கும். ஆகவே இரவே இவர்களுக்கு உகந்த வேளை. பின்லாந்தின் வடகோடியில், இனாரி ஏரிப் பகுதியில், டிசம்பரில் பல நாட்கள் சூரியன் எழுவதே இல்லை. அங்கே காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கும் கம்பி இழுத்துக் கட்டி, நண்பகலிலும் அமெரிக்க நிலையங்களைப் பிடிக்கின்றனர்.

முன்னாளில் இக்கலைக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. குமிழைத் திருகி ஓர் அலைவரிசையில் நின்றால், மற்றவை யாவும் கைநழுவும். எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும். கணினியோடு இணைத்து இயக்கும் வானொலிக் கருவிகள் வந்தபின் இந்நிலை மாறிற்று. அவை மத்திய அலைவரிசைகள் அனைத்தையும் ஒருசேரப் பதிந்து வைக்கின்றன. பிறிதொரு நாள் அப்பதிவைத் திறந்து, விரும்பிய அலைவரிசைக்குத் திருப்பி, கழிந்துபோன இரவை நடப்பு இரவுபோலவே கேட்கலாம்.

வரம்தான். எனினும் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒன்பது ஒன்பதாக எண்ணினால் 120 அலைவரிசைகள். ஒரு மணி நேரப் பதிவை முழுவதும் கேட்க 120 மணி நேரம், அதாவது ஊணும் உறக்கமுமின்றி 5 நாட்கள் ஆகும். பத்து மணி நேர இரவொன்று 50 நாட்களை விழுங்கும். ஒரு வாரம் காட்டில் தங்கியவர், ஏறத்தாழ ஓராண்டின் செவிவேலையைப் பையில் சுமந்து வீடு திரும்புகிறார்! கருவி நொடிக்கு 20 இலட்சம் முறை அளவெடுத்து எழுதுமாயின், ஒரு மணி நேரப் பதிவே சுமார் 30 ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். இடத்தையாவது விலைக்கு வாங்கலாம்.

தேர்ந்தெடுக்கும் பாரத்தை எந்திரம் நம்மிடமிருந்து நீக்கிவிட்டதாக எண்ணுகிறோம். உண்மையில் அது தவணைதான் கொடுத்திருக்கிறது. அன்றிரவு செய்ய வேண்டிய தேர்வு நாளைக்கும், மறு ஆண்டுக்கும் தள்ளிப்போய்க் கடனாகச் சேர்கிறது. இந்நிலையில், கேளாத பதிவைத் தன் உடைமை என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாமா?

இவ்வினாவை எண்ணும்போது, பழைய அரபு ஏடுகளில் காணப்படும் 'ஸமாஉ' எனும் கேள்விச் சான்றுகள் என் நினைவுக்கு வருகின்றன. ஹிஜ்ரி ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் டமாஸ்கஸ் நகரில் எழுதப்பட்டவை ஏராளம். நூல் எவ்விடத்தில், எந்நாளில் வாசிக்கப்பட்டது, வாசித்தவர் யார், செவியேற்றவர் யார் யார் என்று அவற்றில் குறித்து வைப்பர். பிந்தி வந்தவரையும், இடையே கண்ணயர்ந்தவரையும்கூடக் குறித்ததுண்டு. பெற்றோருடன் சபைக்கு வந்த பச்சிளங் குழந்தைகளின் பெயரும் இடம்பெறும். ஆனால் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு 'ஸமிஅ', கேட்டார், என்று எழுதாமல் 'ஹளர', உடனிருந்தார், என்று எழுதுவதே அறிஞர் பலரின் வழக்கம். ஒரு வினைச்சொல்லைப் பயன்படுத்துவதில் எத்துணை எச்சரிக்கை!

நம் பதிவெந்திரத்திற்குப் பொருந்தும் சொல்லும் 'ஹளர' என்பதே. தம் கம்பியில் வந்த ஒலியை ஓராண்டு கழித்துச் செவிமடுத்தாலும், அவர் கேட்டவரே. அதில் குறை காண நான் உடன்படேன். பெட்டியில் உறங்குவதைக் கேட்டதாகக் கணக்கில் சேர்ப்பதே தகாது.

தேர்ந்தவர்கள் ஒரு வழி கண்டுள்ளனர். அமெரிக்காவில் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்தையும் ஒட்டி நிலையம் தன்னை அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மணி அடிக்கும் நேரத்திற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களை மட்டும் பதிந்து, கேட்டுக் குறிப்பெடுத்து, எஞ்சியதை அழித்துவிடுகின்றனர். அழிப்பதை வீண்விரயம் என்பார் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. குமிழைத் திருப்பிய அந்நாளைய கைகள் செய்ததும் இதுவே அன்றோ?

ஆயினும் மறுபக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 டிசம்பர் 31 அன்று தன் மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவில் மேலும் பல நிலையங்கள் இவ்வாறே ஓய்ந்தன. அதற்கு முந்திய ஓர் இரவின் முழுப் பதிவு இன்று யாரிடமேனும் இருக்குமாயின், அதில் வானத்தின் ஒரு பொழுதே அடங்கியிருக்கும். அவருக்குப் பயன்படாத ஓசை, பின்வரும் ஆய்வாளர் ஒருவருக்குப் பயன்படலாம். அத்தகைய பதிவை நான் அமானிதம் என்பேன். ஆனால் அமானிதத்திற்கு அடையாளம் வேண்டும்: நாள், நேரம், இடம், கம்பி நோக்கிய திசை. இவை எழுதப்படாத நூறு வன்தட்டுகள் பிள்ளைகளின் கைக்கு வரும்போது, அவர்கள் அவற்றைத் துடைத்துவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்துவர். அவர்களைக் குறை சொல்வதற்கும் இடமிராது.