கழியாத கணக்கு

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே மதுரை ரோட்டில் போனால் பிளஸ், தெற்கே தென்காசி ரோட்டில் போனால் மைனஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய பிளஸ் 12 கிலோமீட்டர். சேத்தூர் மைனஸ் பக்கம். சேத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பூஜ்யத்தை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றினால் ராஜபாளையமே மைனஸ் 12 ஆகிவிடும். மைனஸ் என்றால் மட்டம் இல்லை, எதிர்ப்பக்கம், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இதை ஏற்றுக்கொள்ள ரொம்ப நாளாயிற்று. ஒன்றுமே இல்லாததைவிடக் குறைவாக ஒன்று எப்படி இருக்க முடியும் என்று கேட்டார்கள். பிரான்சிஸ் மசேர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1758-ல் குறை எண்களுக்கு எதிராக ஒரு புத்தகமே போட்டார். நம் பிரம்மகுப்தருக்கு அந்தக் குழப்பம் இல்லை. 628-ல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்ணைத் தனம் என்றார். குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றார். வட்டிக்கு வாங்கினவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

வம்பு எங்கே வந்தது என்றால், இதே தன-ருணக் கணக்கை நாம் பாவ புண்ணியத்துக்கும் போட ஆரம்பித்ததில்தான். ஒருவர் தன்னிடம் வேலை பார்த்தவரின் கூலியில் நூறு ரூபாயை அமுக்கிக்கொள்கிறார். மார்கழியில் ஆண்டாள் சந்நிதிக்குப் போய் உண்டியலில் நூறு ரூபாய் போடுகிறார். மைனஸ் நூறு, பிளஸ் நூறு. 'நேராயிருச்சு' என்று நிம்மதியாகத் தூங்குகிறார்.

நேராகவில்லை சார். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே நோட்டில் இருந்தால்தான் கழியும். கூலி குறைந்தவரின் நோட்டில் அந்த மைனஸ் நூறு அப்படியே நிற்கிறது.

சரி, பணத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால்? கடன் தீரும். ஆனால் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து போய், நடந்தே திரும்புங்கள். பிளஸ் 12, மைனஸ் 12; புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள். பள்ளிப் புத்தகத்தில் இடப்பெயர்ச்சி பூஜ்யம். காலைக் கேளுங்கள், 24 என்று சொல்லும். நடந்த தூரத்துக்கு மைனஸ் கிடையாது. பணம் கைக்கு வரும்வரை அந்த வீட்டில் பட்ட சிரமமும் அப்படித்தான். அதற்காகத்தான் பணத்தோடு சேர்த்து 'மன்னிச்சுக்கிடுங்க' என்ற ஒரு வார்த்தையும் தேவைப்படுகிறது.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யார் சொன்னது? முதலில் கூலியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்?