குறை காணலும் பழுது காணலும்

ஒரு பொருள் செம்மையாக இயங்கும்வரை அதனை உடையவரின் இயல்பு நமக்குத் தெரிவதில்லை. அது பழுதுற்று நிற்கும்போதுதான் அவர் எத்தகையவர் என்பது வெளிப்படுகிறது. சிலர் அதனை ஓங்கித் தட்டுவர். சிலர் அதைச் செய்தவனைச் சபிப்பர். சிலர் கடைசியாகத் தொட்டவர் யார் என்று வீட்டில் விசாரணை தொடங்குவர். சிலர் மூலையில் போட்டுவிட்டுப் புதியது வாங்குவர். ஏன் நின்றது என்று கேட்பவர் மிகச் சிலரே. பொருளிடத்து நாம் காட்டும் இவ்வியல்பையே மனிதரிடத்தும் காட்டுகிறோம். ஆதலின், பழுது பார்த்தல் என்பது கைத்தொழிலோடு முடிந்துவிடும் செய்தி அன்று. அஃது அறத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

குறை காணல் வேறு. பழுது காணல் வேறு. முன்னது 'யார்?' என்னும் கேள்வியில் தொடங்கி, ஒருவரைச் சுட்டியவுடன் மனநிறைவு பெற்று அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னது 'எங்கே? எதனால்?' என்று தேடிச் சென்று, பழுது நீங்கும்வரை ஓய்வதில்லை. இவ்விரண்டினுள் எளியது எது என்பதை எல்லோரும் அறிவோம். நம் கடமை எது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம். அதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டில் பிறந்த ஒரு விளையாட்டுப் பொறியை எடுத்துக்கொள்வோம். இத்துணைப் பெரிய கேள்விக்கு ஒரு விளையாட்டுச் சாமானா என வினவ வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ?

பொறியும் அதன் வழக்கும்

பின்பால் எனப்படும் அப்பொறி, கண்ணாடி மூடிய சாய்வான மேசை போன்றது. ஆடுபவர் சுருள்வில் பொருத்திய கோலை இழுத்துவிட, ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு மேலேறி, பின் ஆடுதளத்தில் உருண்டு இறங்கும். வழியில் அது மோதும் இடங்களுக்கேற்பப் புள்ளிகள் சேரும். மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் சுருள்வில் கோல் கொண்ட ஆட்டப் பலகைக்கு 1871இல் காப்புரிமை பெற்றார். 1931இல் சிகாகோ நகரின் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' இதனைக் கடைதோறும் பரப்பியது. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் மின்காந்தச் சுருளைப் புகுத்தினார். குண்டு கீழே விழாமல் ஆடுபவரே அடித்து மேலேற்றும் ஃபிளிப்பர் என்னும் சிறு மட்டைகள், 1947இல் வந்த 'ஹம்ப்டி டம்ப்டி'யில் முதன்முதலாக இடம்பெற்றன. 1970களின் பிற்பகுதியில் கணிப்பொறிச் சில்லுகள் வந்து சேரும்வரை, மின்சாரமும் இயந்திர அசைவும் மட்டுமே கொண்டு இப்பொறிகள் இயங்கின.

இப்பொறியே ஒருமுறை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. இது சூதாட்டம் என்று கூறி 1942இல் நியூயார்க் நகரம் இதற்குத் தடை விதித்தது. மேயர் லகார்டியா சம்மட்டி ஏந்திப் பொறிகளை உடைக்கும் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. முற்காலப் பொறிகளில் ஃபிளிப்பர் இல்லாமையாலும், பல இடங்களில் பணம் பரிசாக வழங்கப்பட்டமையாலும் அவ்வழக்கில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆயினும் பொறி மாறியது, தீர்ப்பு மாறவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 1976இல், ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின்முன் ஆடிக்காட்டினார். குண்டு இன்ன வழியாக இறங்கும் என்று முன்னரே சொல்லிவிட்டுக் கோலை இழுத்தார். அவர் சொன்ன வழியாகவே அஃது இறங்கியது. இஃது ஆடுபவரின் திறமையைச் சார்ந்தது என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே தடை நீங்கிற்று. சம்மட்டிக்குச் சில நிமிடங்கள் போதும். சோதித்து அறிவதற்கோ ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருந்தது.

மேசைக்கு அடியில் ஓர் உலகம்

ஆடுதளத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கம்பிகளின் காடு தெரியும். மின்மாற்றி, வீட்டு மின்சாரத்தை விளக்குகளுக்கு 6 வோல்ட் அளவிலும், சுருள்களுக்குச் செய்தவரைப் பொறுத்து 25 முதல் 50 வோல்ட் வரையிலும் குறைத்துத் தருகிறது. அருகே வரிசையாக ரிலேக்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தகடு இழுபட்டு, மெல்லிய சுவிட்சுத் தகடுகளை அசைத்துச் சில இணைப்புகளைச் சேர்க்கும், சிலவற்றைப் பிரிக்கும். நம் நாட்டுப் பழைய தொலைபேசி நிலையங்களில் இரவும் பகலும் கடகடத்த ரிலேக்களும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.

குண்டு ஐம்பது புள்ளி இலக்கில் மோதுகிறது என்று கொள்வோம். ஒரு ரிலே இழுபடுகிறது. ஒரு மோட்டார் சுழன்று தன் பற்களால் ஐந்து முறை இணைப்பைத் தட்டுகிறது. பத்துகளைக் காட்டும் எண் உருளை ஐந்து படி நகர்கிறது. அவ்வுருளை ஒன்பதைக் கடந்தால் நூறுகளின் உருளையை ஒரு படி தள்ளுகிறது. பள்ளிப் பிள்ளை கூட்டல் கணக்கில் மீதியை அடுத்த இலக்கத்திற்குக் கொண்டுசெல்வதைப் போன்றதே இது. மின்சாரத்தை நிறுத்தினாலும் உருளை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்நிலையே பொறியின் நினைவு. மறைவு என்பது இங்கே இல்லை. பொறுமையோடு பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும்; பாராதவனுக்கோ எல்லாம் குழப்பமாகவே தோன்றும்.

சத்தமிடுவது ஒன்று, பழுதுற்றது மற்றொன்று

இப்பொறிகளில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்றைச் சொல்வோம். ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்துகிறோம். முந்தைய ஆட்டத்தின் எண்களைச் சுழிக்குக் கொண்டுவர மோட்டார் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது, நிற்பதே இல்லை. காதைத் துளைக்கும் அவ்வொலியைக் கேட்பவர், 'மோட்டார் கெட்டுவிட்டது' என்பர். உண்மையில் மோட்டாரிடம் குற்றமே இல்லை. எல்லா உருளைகளும் சுழியை அடைந்தன என்ற செய்தி வரும்வரை சுழல வேண்டும் என்பது அதற்கு இட்ட கட்டளை. ஓர் உருளையின் பின்புறத்தில், சுழியை எட்டியவுடன் திறந்துகொள்ள வேண்டிய சுவிட்சுத் தகடு ஒன்று வளைந்துபோய், திறவாமல் ஒட்டி நிற்கிறது. ஆகவே அவ்வுருளை சுழியைத் தாண்டித் தாண்டிச் சுற்றுகிறது. மோட்டாரும் உழைத்துக்கொண்டே இருக்கிறது. பழுதுற்ற தகடு அமைதியாக இருக்கிறது. கடமையைச் செய்யும் மோட்டாரே பழி சுமக்கிறது.

நம் இல்லங்களில் இதற்கு ஒப்புமை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் குரல், 'பிள்ளை தமிழ் பேசவில்லை' என்பது. பழி உடனே பிள்ளைமேல் விழுகிறது, அடுத்துப் பள்ளிமேல், அதற்கடுத்து ஊர்மேல். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் வேறொன்று தெரியக்கூடும். அவ்வீட்டில் சிரிப்பும் கதையும் வேறு மொழியில் நடக்கின்றன. 'எழுந்திரு, படி, சும்மா இரு' என்று கண்டிப்பதற்கு மட்டுமே தமிழ் வருகிறது. கண்டிப்பின் மொழியைப் பிள்ளை விரும்பி ஏற்குமா? நெடுநாள் ஒட்டி நிற்கும் தகடு எது என்பதை அந்த வீடே தேடிக் காண வேண்டும். பிள்ளையைக் கடிவதால் அத்தகடு நிமிர்வதில்லை.

பழுது பார்ப்பவரின் ஒழுக்கம்

தேர்ந்த கைகளிடம் சில ஒழுக்கங்களைக் காண்கிறோம். முதலாவது, பொறி ஒருகாலத்தில் நன்றாக இயங்கியது என்னும் நம்பிக்கை. ஆகவே கம்பிகளை மாற்றியமைக்கும் துணிச்சலுக்கு முன், மின்சுற்று வரைபடத்தை விரித்துச் செய்தவரின் கருத்தை அறிய முயல்கிறார். வரைபடத்தில் இல்லாத கம்பி ஒன்று தென்பட்டால் உடனே வெட்டுவதில்லை. முன்பு வந்த ஒருவர் அதனை ஏன் வைத்தார் என்று அறிந்த பின்னரே, வேண்டாததாயின் நீக்குகிறார். இரண்டாவது, தொடுவதற்கு முன் பார்த்தலும் கேட்டலும். எந்த ரிலே எதன்பின் ஒலித்தது, எந்த ஒலி வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்பதே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். கை வைக்கும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நான்கிடத்தில் கைவைத்தவர்க்கு எது குணப்படுத்தியது என்பதும் தெரியாது. எது புதிய கேட்டை விளைத்தது என்பதும் தெரியாது.

சுவிட்சுத் தகட்டை வளைப்பதற்கு முன், அதனை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பதும் ஒரு மரபு. அடித்தளம் ஆடும்போது நுனியைத் திருத்திப் பயனில்லை. ஒரு சுருளை மீட்டரால் அளக்கும்போது அதன் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் மின்சாரம் பக்கத்துப் பாதைகளில் சுற்றிவந்து பொய்யான கணக்கைக் காட்டிவிடும். சாட்சியைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும் என்ற நீதிமன்ற நெறிக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

இங்கே நல்லெண்ணத்தால் விளையும் தீங்கொன்றையும் குறிப்பிட வேண்டும். இறுகிப்போன பகுதியைக் கண்டவுடன் எண்ணெய் விடுவது பலருடைய வழக்கம். அன்றைக்கு அது வழுக்கிக்கொண்டு ஓடும். நாளடைவில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகி, முன்னிலும் கெட்டியாக இறுகும். இத்தகைய பொறிகளில் பெரும்பகுதி எண்ணெயின்றி, தூய்மையாக இருந்தால் போதும். அழுக்கை எடுக்காமல் இனிப்புச் சொல்லை ஊற்றும் சமாதானங்களும் இவ்வாறே. அதுபோல், தட்டினவுடன் தானே மறைந்த கோளாறு தீர்ந்துவிட்டது என்று மகிழ்வதும் பிழை. காரணம் அறியாமல் போன பழுது மீண்டும் வரும்.

ஃபியூஸ் உரைக்கும் அறம்

ஃபிளிப்பரை இயக்கும் சுருளில் இரண்டு சுற்றுகள் உண்டு. குண்டை அடிக்க எழும்போது மிகுந்த மின்சாரம் பாயும். மட்டை மேலே எழுந்ததும் ஒரு சிறு சுவிட்சு திறந்து, இரண்டாவது சுற்றின் வழியே சிறிதளவு மின்சாரத்தை மட்டும் செலுத்தி அதனைத் தாங்கிப் பிடிக்கும். எழுவதற்கு வேண்டிய வேகம் வேறு, நிலைப்பதற்கு வேண்டிய வலிமை வேறு என்பதைச் செய்தவர் அறிந்திருந்தார். அச்சிறு சுவிட்சின் முனைகள் கருகினால் மட்டை சோர்கிறது. அது திறவாமல் நின்றுவிட்டால் சுருள் கொதிக்கிறது. அந்நிலையில் முன்வந்து எரிந்து இணைப்பைத் துண்டிப்பது ஃபியூஸ்.

ஃபியூஸ் போயிற்று என்றால், 'இந்த ஃபியூஸ் வலுவில்லாதது' என்று கூறி, அளவு மிக்க ஒன்றைப் பொருத்துவோர் உண்டு. சிலர் பளபளக்கும் ஈயத்தாளைச் சுற்றி வைத்துவிடுவர். நம் வீடுகளின் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் ஓர் இழைக்குப் பதில் நான்கைந்து செம்பு இழைகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டுவதும் இதுவே. விளக்கு உடனே எரியும், எல்லோரும் பாராட்டுவர். உள்ளே சுருள் கருகுவதும், கம்பியின் மேலுறை உருகுவதும், ஒருநாள் தீப்பற்றுவதும் பின்னர்தான் தெரியும். ஃபியூஸ் வலுவற்றது என்பது மெய்யே. வலுவற்றதாக இருப்பதே அதன் பணி. கேட்டை முதலில் உணர்ந்து முதலில் எரிவதற்காகவே அஃது அங்கே வைக்கப்பட்டது.

ஒவ்வொரு குடும்பத்திலும், ஒவ்வொரு சங்கத்திலும் இத்தகையவர் ஒருவர் இருப்பார். எல்லோரும் வாய்மூடி இருக்கும்போது முதலில் கண்கலங்கும் மருமகள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று ஒரு காலையில் அடம்பிடிக்கும் பிள்ளை. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பும் உறுப்பினர். 'இவருக்குத் தாங்கும் சக்தி இல்லை; இவரால்தான் குழப்பம்' என்கிறோம். அவரை அடக்கிவிட்டு, எதையும் தாங்கும் ஒருவரை அவ்விடத்தில் வைத்துவிட்டால் அமைதி நிலவுகிறது. அந்த அமைதி நலத்தின் அறிகுறியா, எச்சரிக்கை ஒழிந்ததன் அறிகுறியா என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு தடையும் விடையும்

காரணத்தை எப்போதும் வேறிடத்தில் தேடினால் யாருக்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? மனிதன் தகடும் சுருளும் அல்லனே. அறிந்தே தீமை செய்பவனும் உண்டே? இத்தடை வலிமையுடையது. ஆயினும் பழுது காண்பவர் எதையும் மன்னித்துவிட்டு எழுவதில்லை. கருகிய முனையை அரத்தால் தேய்க்கிறார்; உயிரற்ற சுருளைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துகிறார். எது பழுது என்று அவர் உறுதியாகச் சொல்வதால்தான் பழுதற்றவை பழியிலிருந்து தப்புகின்றன. அவ்வாறே, மனிதரிடத்தும் அறிந்த பின்னரே தீர்ப்பு வரவேண்டும். பொறுப்புடையவரிடம் பொறுப்பை நேரே எடுத்துரைப்பதும் பழுது நீக்குதலில் ஒரு பகுதியே.

வேறுபாடு ஒன்று உண்டு. அதனை மறத்தல் ஆகாது. பொறிக்கு வரைபடம் இருக்கிறது. மனிதருக்கு அத்தகைய படம் எவரிடமும் இல்லை. ஆகவே பொறியினிடத்துப் படத்தைப் பார்த்து அறிவதை, மனிதரிடத்து அவரையே கேட்டு அறிய வேண்டும். பொறிக்கு நாம் அளிக்கும் பொறுமையைக் காட்டிலும் மனிதருக்கு அளிக்க வேண்டிய பொறுமை மிகுதி என்பதே இதன் பொருள். நடைமுறையிலோ அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு விளையாட்டுப் பொறிக்காக இரவெல்லாம் கண்விழிக்கும் ஒருவர், தம் மகனின் ஒரு சொல்லுக்காகக் கால்மணி நேரம் காத்திருப்பதில்லை.

தாய்நிலத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, ஒருவருக்கொருவர் சேர்ந்திருப்பதே பெரும் செல்வம். உறவிலோ அமைப்பிலோ ஏதேனும் நின்றுபோனால், சம்மட்டியைத் தேடுவதற்கு முன் மூடியைத் திறந்து பார்ப்போம். ஓசையிடுபவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டாதிருப்போம். முதலில் வருந்திய ஒருவரை அழைத்து, 'எங்கே வலித்தது?' என்று கேட்போம். யாரைக் குறை சொல்லலாம் என்னும் கேள்வி அதன்பின் மிச்சமிருந்தால், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.