மேட்டு நிலத்தானின் கடன்

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில், வாஷிட்டா நதியின் வெள்ளத்தைத் தணிக்க, 1948-இல் கிளவுட் ஓடையின் குறுக்கே ஒரு மண்ணணை எழுந்தது. பிரமாதமான அணை அல்ல. நம் ஏரிக்கரை போன்றதுதான். அதைத் தொடர்ந்து அந்நாட்டில் இப்படி 11,000-க்கு மேல் கட்டிவிட்டார்கள்.

மேட்டிலுள்ள உழவன் தன் நிலத்தில் வெள்ளம் தேங்க இடம் கொடுத்தான். தாழ்விலிருந்தவனுக்கு நிம்மதியான உறக்கம் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் சில இடங்களில் என்ன நடந்தது? கரைக்குக் கீழேயே வீடுகள் முளைத்தன! வயலைக் காக்கப் போட்ட கரை இன்று உயிர்களுக்குப் பிணை நிற்கிறது. அவற்றில் பல, 50 ஆண்டு ஆயுள் என்று கணித்துக் கட்டியவை. அடியில் வண்டலோ ஏறிக்கொண்டே போகிறது.

புதுப்பிக்கும் செலவில் நூற்றுக்கு 65 பங்கை, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசு ஏற்கிறது. மீதி யார் தலையில்? நிலம் கொடுத்தவனிடம் கேட்க எனக்குக் கூசுகிறது. வீடு கட்டியவனோ, "நான் வரும்போதே அணை இருந்ததே!" என்பான். இருந்தது, வயலுக்காக இருந்தது.