யாரிடம் கேட்பது?

தான் செய்ததைப் பிறரிடம் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறவன் உண்மையில் எதை வேண்டுகிறான்? அபிப்பிராயத்தையா, ஆறுதலையா? எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பழைய கேள்வி. கும்மிடிப்பூண்டியில் ஓர் இளைஞன் வீட்டில் அதற்கு ஓரளவு விடை கிடைத்தது.

அவன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். இவ்வளவுதான் அவனுடைய ஒலிப்பதிவுக்கூடம். இதை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். 1992-ல் வெளிவந்த 'ரோஜா'வின் பாடல்களும் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டிய ஒரு கூடத்தில் உருவானவைதாம். ஆனால் ஏ. ஆர். ரகுமானுக்கு எச். ஸ்ரீதர் என்ற தேர்ந்த ஒலிப்பதிவாளரின் காது, 2008-ல் அவர் மறையும்வரை பல ஆண்டுகள் துணை நின்றது. இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பதிந்து, அளவு பார்த்துச் சேர்ப்பதை 'மிக்ஸிங்' என்கிறார்கள். குழம்பு கூட்டுவது போலத்தான். பத்து முறை ருசி பார்த்த நாக்குக்கு அப்புறம் உப்பே தெரியாது. ஆகவே, ரயிலில் உடன் வரும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்டான். "சூப்பர்" என்றார்கள். அம்மா மட்டும் அறை வாசலில் நின்றபடி, "இன்னாடா, தொம்மு தொம்முன்னு கீது. வார்த்தையே புரியல. அந்த மேளத்தை எடுத்துடு" என்றாள்.

"அம்மாவுக்கு மியூசிக் தெரியாது, சார்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

தெரியாதுதான். ஆனால் அவள் நின்ற இடம் அப்படி! அவ்வளவு பெரிய சதுர அறையில், நொடிக்குச் சுமார் 56 அதிர்வுள்ள கனத்த ஒலி சுவரோரத்திலும் மூலையிலும் பெருத்து நிற்கும். நட்டநடுவில் அநேகமாகச் செத்துப்போகும். கதவு மூலையில், அவன் நாற்காலியோ நட்டநடுவில். கேட்கவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். போதாததற்கு, வீட்டார் தூங்கிய பின் மெல்லிய சத்தத்தில் வேலை. சத்தம் குறையக் குறைய, கனத்த ஒலிதான் நம் காதைவிட்டு அதிகமாக நழுவும் என்று அமெரிக்காவில் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நண்பர்களும் பொய் சொல்லவில்லை. போனின் கடுகளவு ஸ்பீக்கரில் அந்த ஒலி எழவே எழாது. தவிர, "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்ல மனிதன் வேறென்ன சொல்வான்? தலையாட்டு என்று கேட்கிற கேள்வி அது. தொல்காப்பியத்தின் பாயிரத்தைப் பாருங்கள். பாண்டியன் அவையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நூலோடு நிலைத்த பெயர், குற்றமறக் காட்ட வேண்டியிருந்த அதங்கோட்டாசானுடையது.

அம்மா சொன்ன மருந்து தப்பு. மேளத்தை எடுத்தால் பாட்டே படுத்துவிடும். அந்தக் கனத்த ஒலியை மட்டும் தணித்தால் போதும். ஆனால் அவள் சொன்ன நோவு நிஜம். இரண்டையும் ஒன்றாக்கி, மருந்து தப்பு என்பதற்காக நோவையும் தள்ளிவிடுவதுதான் நம் வழக்கம். நாவலாசிரியர்களும் இதில் சளைத்தவர்களல்ல.

நாற்காலியைப் பின்னால் நகர்த்திப் போட்டிருக்கிறான். இனி நண்பர்களிடம் கேட்பதே இல்லை என்கிறான். அதில் எனக்குச் சம்மதமில்லை. அவன் பாட்டைப் போனில் கேட்கப் போகிறவர்கள்தானே அநேகர்? ரயிலிலும் போட்டுக் காட்டட்டும். எந்த வரி காதில் விழவில்லை என்று கேட்கட்டும்.