விதைத்தவர் பொறுப்பு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைப் பரப்பில் ஒரு காட்டுப் புகையிலை வளர்கிறது. அதன் விதை மண்ணுள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். காட்டுத்தீ படர்ந்து ஓய்ந்த பின்னர், புகையின் சாரம் பட்டே பெரிதும் முளைக்கும். ஆய்வாளர்களோ தீயின்றியே, நீர்த்த புகைக் கரைசலில் விதையை நனைத்து எழுப்பிவிடுகின்றனர்.

எழுந்த செடி வேரில் நிக்கோட்டினை ஆக்கி இலைக்கு அனுப்புகிறது. அவ்விலையை மென்ற சிற்றுயிர்கள் பல நலிகின்றன, மடிகின்றன. இதற்குப் பொறுப்பு யாருடையது? செடி ஓரறிவுயிர், தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவே. விதைத்த கைக்கோ ஆறறிவு உண்டு. "நான் விதைத்தேன், அது கொன்றது" என்று ஒதுங்குவதை நான் ஏற்கேன். பிறனைக் கல்லெறியத் தூண்டிவிட்டுக் கைகட்டி நின்ற மாணவனையும் வகுப்பில் நான் விட்டதில்லை.

எனினும் ஒன்று என்னைத் தயங்கச் செய்கிறது. இரவில் மணம் பரப்பி இச்செடி அழைக்கும் அந்துப்பூச்சியே மகரந்தம் சேர்க்கிறது. அதுவே இலையில் முட்டையுமிட்டு, நஞ்சுக்கு அஞ்சாப் புழுக்களை விட்டுச் செல்கிறது. புழுக்கள் மிகுந்தால், செடி பல பூக்களைக் காலையில் விரித்து ஓசனிச்சிட்டுகளை நாடுகிறது என 2010-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அழைப்பையே மாற்றிக்கொள்ளும் செடியை நஞ்சென்று மட்டும் எப்படிச் சொல்வது? அவ்விதை என் கைக்கு வந்தால் நனைப்பேனா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.