முதுமையில் சிகிச்சையும் பற்றின்மையும்

உடல் நிலையற்றது என்று அறிந்த ஒருவர், எழுபதாம் வயதில் ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை மேற்கொள்ளலாமா? அது உடற்பற்று ஆகாதா? மறுத்தாலோ, இறைவன் தந்த உயிரை அலட்சியம் செய்ததாகாதா?

சித்தூர், திருப்பதி பகுதிக் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலேயே இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. திருப்பதி அலிபிரியில் 2022-இல் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. மருத்துவம் அருகில் வரும்போது, அதை ஏற்பதா என்ற கேள்வியும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

சிகிச்சையின் இயல்பை முதலில் அறிவோம். கடுமையான மருந்துகளால் நோயுற்ற மஜ்ஜையை ஒடுக்கி, கொடையாளி தந்த ஸ்டெம் செல்களை ரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். அவை எலும்புக்குள் குடியேறி, சில வாரங்களில் புதிய ரத்தத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன. முதியவர்களின் உடல் தாங்காது என்று முன்பு இதைத் தவிர்த்தனர். 1990-களின் பிற்பகுதியில் வீரியம் குறைந்த மருந்து முறைகள் வந்தபின், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் இது சாத்தியமாயிற்று. சிலர் நோயிலிருந்து விடுபடுகின்றனர். சிலருக்கோ கிருமித்தொற்றாலும், புதிய செல்கள் உடலையே தாக்குவதாலும் துன்பம் நீள்கிறது, உயிரும் பிரியலாம். ரத்தப் புற்றுநோயின் எல்லா வகைகளுக்கும் இது தேவைப்படுவதும் இல்லை. சில வகைகளுக்கு மாத்திரைகளே போதும்.

இனி, பற்றின்மை என்பது என்ன? பகவான் ரமணரின் இறுதிக் காலம் இதற்கு விளக்கம் தருகிறது. இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்காக 1949-இல் நான்கு முறை அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டார். கையையே அகற்றலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று, தமது எழுபதாம் வயதில் மகாசமாதி அடைந்தார். ஏற்றவரும் அவரே, மறுத்தவரும் அவரே. இரண்டிலும் மனக்கலக்கம் இல்லை.

இதற்கு மாறாக, அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் இறுதிவரை போராட விரும்பினார். 2004-இல், 71-ஆம் வயதில், ரத்தப் புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். பலன் கிட்டவில்லை என்பதால் அவரது முடிவு தவறாகிவிடுமா? பலனைக் கொண்டு செயலை அளக்கலாகாது என்பதன்றோ கர்மயோகம்!

ஆகவே சிகிச்சையை ஏற்பது பற்றும் அன்று; மறுப்பது துறவும் அன்று. அச்சத்தால் ஏற்பதும், சலிப்பால் மறுப்பதுமே விவேகத்துக்குப் புறம்பானவை.

இங்கே குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. 'அப்பா தாங்கமாட்டார்' என்று நோயை மறைத்து, அவருக்குப் பதிலாகப் பிள்ளைகளே முடிவெடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் செய்வதே ஆயினும், அது அவருடைய விவேகத்துக்கு வேலையில்லாமல் செய்துவிடுகிறது. உடலின் பெரும் பயணத்துக்கு ஆயத்தமாகும் உரிமையையும் பறிக்கிறது. பாதி பொருத்தமே உள்ள மகனோ மகளோ மஜ்ஜை தர இன்று வழி உண்டு. அக்கொடை உயர்ந்தது. ஆனால் 'நான் தருகிறேன், நீங்கள் மறுக்கக்கூடாது' என்றால் கொடை கட்டளையாகிவிடும். அதேபோல், 'பிள்ளைகளுக்குச் செலவு' என்ற கூச்சத்தால் மட்டும் பெரியவர் மறுத்தால், அது அவரது உண்மையான விருப்பமாகாது.

உண்மையைச் சொல்வோம்; பொறுமையாகக் கேட்போம்; அவர் எடுக்கும் முடிவுக்குத் துணை நிற்போம். பிறகு ஏழுமலையானிடம் வேண்டிக்கொள்வோம், ஆயுளுக்காக மட்டுமன்று, எது வந்தாலும் கலங்காத தெளிவுக்காகவும்.